புகைக்கூடு ஏன் புகையைத் திருப்பி அனுப்புகிறது?

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளிலே, அடுக்களைக் கூரையைப் பிளந்துகொண்டு மேலெழுந்து நிற்கும் புகைக்கூட்டைக் காணாதவர் இலர். எரிவாயு அடுப்பு வந்து சேர்ந்தபின், பல வீடுகளில் அது காகம் இருந்து கரைவதற்கன்றி வேறெதற்கும் பயன்படாது போயிற்று. 2022 ஆம் ஆண்டிலே எரிவாயு கிடைக்காமல் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, விறகடுப்பு மறுபடியும் மூட்டப்பட்டது. 1990 இன் பின்னர் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய் அரிதாகிப் போன காலத்தைக் கண்ட குடாநாட்டாருக்கு விறகடுப்பு புதிதன்று. ஆயினும் நெடுங்காலம் உறங்கிக்கிடந்த புகைக்கூடு பல வீடுகளிலே தன் கடமையை மறந்துவிட்டது. புகை மேலே போகாமல் சமைப்பவரின் முகத்திலேயே வந்து மோதியது.

வீட்டுத் தலைவர் இதனைப் பெரிதாக எண்ணமாட்டார். அவர் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருப்பவர். கண் எரிந்து, நெஞ்சு கரகரத்து, ஊதுகுழலும் கையுமாக நிற்பவள் இல்லாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நிற்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகிலே ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆகவே புகைக்கூட்டைத் திருத்துவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற அலங்கார வேலையன்று.

புகைக்கூடு புகையை உறிஞ்சுகிறது என்று நாம் பேச்சிலே சொல்கிறோம். உண்மையிலே அது எதனையும் உறிஞ்சுவதில்லை. கூட்டுக்குள் இருக்கும் சூடான வாயு இலேசானது. வெளியே இருக்கும் காற்று அதனிலும் பாரமானது. பாரமான காற்று கீழ்வழியாக உள்ளே புகுந்து, இலேசானதை மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளுவிசை எவ்வளவென்று அறிந்தால் வியப்பாயிருக்கும். வெளிக்காற்று 30 பாகையும், கூட்டுக்குள் வாயு 150 பாகையும், கூட்டின் உயரம் 10 அடியும் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் அமுக்கம் 1 மில்லிமீற்றர் உயரமான நீர் கொடுக்கும் அமுக்கமே. ஒரு தட்டிலே பரவிய மெல்லிய நீர்ப்படலத்தின் பாரம் என்று கொள்ளலாம். குளிர்நாடுகளிலே வெளிக்காற்று உறைநிலையில் இருப்பதால் அவர்களுக்கு இதிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. நமது வெக்கையிலே நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இந்தச் சிறு பலத்தை வீணாக்காமல் காப்பதே நாம் செய்யக்கூடிய திருத்தம்.

புகை திரும்பினால், "கூட்டை இன்னும் உயர்த்திக் கட்டுங்கள்" என்பார் மேசன். உயரத்தை இரட்டித்தால் தள்ளுவிசை இரட்டிப்பது மெய்யே. ஆனால் மேலேறும் புகையின் அளவு ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. செலவோ இரட்டிப்பிலும் அதிகம். குறை பெரும்பாலும் உச்சியிலே இல்லை. கீழே, கூட்டின் வாயிலே இருக்கிறது.

நம் வீடுகளிலே அடுப்பு மேடைக்கு மேலே கூட்டின் வாய் விரிந்து கிடக்கிறது. இருந்து சமைத்த நாளும், நின்று சமைக்கும் நாளும், மூன்று அடுப்பு ஒரே வேளையில் எரிந்த கூட்டுக்குடும்ப நாளும் சேர்ந்து அதனை அகலமாக்கின. வாய் பெரிதானால் புகை நன்றாகப் போகும் என்று தோன்றும். நடப்பது அதற்கு மாறானது. அகன்ற வாயினூடே புகையோடு அறையின் குளிர்ந்த காற்றும் பெருமளவில் ஏறுகிறது. இரண்டும் கலந்து கூட்டுக்குள் சூடு தணிகிறது. 150 பாகை இருக்கவேண்டிய இடத்தில் 60 பாகையே இருந்தால், முன் சொன்ன நீர்ப்படலத்தின் பாரத்திலே மூன்றிலொரு பங்குதான் மிஞ்சும்.

இதனை முதலில் நன்கு விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் றம்போட் பிரபு. 1796 ஆம் ஆண்டிலே இலண்டனில் வெளியிட்ட கட்டுரையில், கணப்படுப்புக்கு மேலுள்ள தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்கும்படி அவர் கூறினார். அகலத்தைக் கூட்டித்தான் புகையை விரட்டலாம் என்றிருந்தவர்களுக்கு அது விந்தையாகவே பட்டிருக்கும்.

கணப்படுப்புக் கட்டுவோர் கொள்ளும் கணக்கொன்று நமக்கும் உதவும்: புகைவழியின் உட்பரப்பு, அடுப்பு வாயின் பரப்பிலே பத்திலொரு பங்காவது இருத்தல் வேண்டும். உங்கள் கூடு உள்ளே 12 அங்குலச் சதுரமென்றால் அதன் பரப்பு 144 சதுர அங்குலம். அதற்கேற்ற வாய் 10 சதுர அடி. ஆனால் முன்பக்கம் 5 அடி அகலமும் மேடையிலிருந்து 4 அடி உயரமும் திறந்து கிடந்தால், அது 20 சதுர அடி! ஒரு கூடு இரு கூட்டின் வேலையைச் செய்யுமா? இருபக்கமும் செங்கல் வைத்து அகலத்தை 3½ அடியாக்கி, மேலிருந்து 1 அடி ஆழத்துக்கு ஒரு தகரத்தைத் தொங்கவிட்டால், வாய் 3½ அடிக்கு 3 அடியாகிக் கணக்குக்கு அண்மையில் வந்துவிடும். முதலிலே பழைய தகரத்தைக் கம்பியாற் கட்டி இரண்டு நாள் சமைத்துப் பாருங்கள். பலன் கண்டபின் மேசனை அழைக்கலாம். பழைய அஸ்பெஸ்ரஸ் தகட்டை மட்டும் இதற்கு வெட்ட வேண்டாம். அதன் தூசி புகையிலும் பொல்லாதது.

ஐதராபாத்திலே எஸ். பி. ராஜு என்னும் பொறியியலாளர் 1950களில் அமைத்த புகையில்லா அடுப்பு இதற்கும் ஒரு படி மேலே சென்றது. அதிலே நெருப்பு மண் சுவருக்குள் அடைபட்டிருக்கும். சுடுபுகை பானைகளின் அடியைத் தடவிச் சென்று குழாயிலே ஏறும். குளிர்காற்றுக் கலக்க இடமே இல்லை. இலங்கையிலே 1980களில் பரவத் தொடங்கிய அனகி அடுப்பு விறகை மிச்சம் பிடிப்பது உண்மை. ஆனால் அதற்குப் புகைக்குழாய் இல்லை. அதனை வாங்கியவரும் அதைக் கூட்டின் வாய்க்குள்ளேயே வைத்தல் வேண்டும்.

அடுத்தது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் மட்டும் புகை திரும்புகிறது என்று சொல்லும் வீடுகள் உண்டு. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று, மோதும் இடத்திலே ஏறத்தாழ 1½ மில்லிமீற்றர் நீரின் அமுக்கத்தைக் கொடுக்கும். புகைக்கூட்டின் பலமோ ஒன்று. பெரிய வீட்டின் முகட்டைத் தாண்டிக் கீழே சரியும் காற்று, அதன் மறைவிலே நிற்கும் பதிந்த அடுக்களையின் கூட்டுக்குள் நேரே இறங்கிவிடும். கூட்டின் உச்சி கூரையிலிருந்து 3 அடியாவது எழும்பி, 10 அடிக்குள் இருக்கும் எதனையும்விட 2 அடி உயர்ந்திருக்கவேண்டும் என்பது பொதுவிதி. உயர்த்திக் கட்டுவது இந்த இடத்திலேதான் தகும். முகட்டுக்கு மேலே கவிந்த மாங்கொப்பு இருப்பின் அதனை வெட்டிவிடுங்கள். மேசன் கூலி மிச்சமாகலாம்.

மழைக்காக உச்சியிலே மூடிய பலகைக்கல்லையும் பாருங்கள். 12 அங்குலக் கூட்டிலே நாற்புறமும் திறந்திருந்தால் கல்லின் கீழ் 3 அங்குலமாவது இடைவெளி வேண்டும். இருபுறம் மட்டுமென்றால் 6 அங்குலம். இவை ஆகக் குறைந்த அளவுகள். நமது நாட்டிலே சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருவன. ஆகவே அவ்விரு பக்கங்களையும் அடைத்து, வடமேற்கையும் தென்கிழக்கையும் நோக்கித் திறந்து விடுவதே என் கருத்திலே சிறந்தது. அப்போது காற்று திறந்த வாய்களை உரசிச் செல்லுமேயன்றி உள்ளே பாயாது.

ஒட்டறை தட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பொச்சுக் கட்டொன்றிலே கல்லைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றினால் இறக்கி ஏற்றினால் போதும். முன்னதாகக் காகக்கூடும் குளவிக்கூடும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விழும் கரி உலர்ந்த தூளாக இல்லாமல், கீல் போல ஒட்டுமாயின் குற்றம் விறகிலே உள்ளது. பச்சை விறகின் நிறையிலே பாதியளவு நீராகவே இருக்கும். நெருப்பு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே களைத்துப்போய், குளிர்ந்த புகையைக் கூட்டுக்கு அனுப்புகிறது. அந்தக் கீல் ஒருநாள் தீப்பற்றிக் கூரைக்கும் கேடு செய்யலாம். வெட்டிய பூவரசங் கொப்பை ஓர் ஆண்டாவது மழைபடாமல் அடுக்கி வைத்தபின் எரியுங்கள். பன்னாடை, கங்குமட்டை, ஊமல் என்று பனை தரும் எரிபொருளுக்கும் இதுவே விதி; ஈரம் ஆகாது.

இத்தனையும் செய்தும் புகை அசையாது நின்றால், சன்னலைத் திறந்து பாருங்கள். பெஞ்சமின் பிராங்கிளின் 1785 ஆம் ஆண்டிலே, பிரான்சிலிருந்து தாய்நாடு திரும்பும் கப்பலில் இருந்தபடியே புகைக்கூடுகளைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். புகை திரும்புவதற்கு ஒன்பது காரணங்களை வகுத்த அவர் முதலிலே வைத்தது, அறைக்குள் காற்று வர வழியின்மை. மேலே போகும் காற்றுக்கு ஈடாகக் கீழே வர வேண்டுமல்லவா? பழைய அடுக்களைகளில் ஓட்டின் இடுக்கும் கதவின் கீழ்வெளியும் அதனைக் கொடுத்தன. இக்காலத்திலே கண்ணாடிச் சன்னலை இறுக்கிப் பூட்டி, சுவரிலே மின்விசிறியையும் பொருத்துகிறோம். அவ்விசிறி காற்றை வெளியே இழுக்க, அதற்கு ஈடான காற்று புகைக்கூட்டின் வழியே, புகையையும் இழுத்துக்கொண்டு இறங்கும். விறகோ கரியோ எரியும்போது விசிறியை நிறுத்திவிடுக. அடைத்த அறையிலே தணல் வெளியிடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி வந்தபின் விழித்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

காலையிலே அடுப்பை மூட்டுமுன் ஓர் ஊதுவத்தியைக் கூட்டின் தொண்டைக்குள் பிடித்துப் பாருங்கள். அதன் புகை நேரே மேலேறினால் விறகை வைக்கலாம். தயங்கினாலோ கீழே இறங்கினாலோ, கூட்டுக்குள் இரவுக் குளிர் தங்கியிருக்கிறது. காய்ந்த ஓலையிலே சிறிய சூள் ஒன்று கட்டி, தொண்டைக்கு நேர்கீழே பிடித்து எரித்தால் இரண்டொரு நிமிடத்தில் வழி திறக்கும். சூள் எரியும் வேளையில் சுவரிலே எங்கேனும் புகை கசிந்தால், அந்த வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தினால் அடைத்துவிடுங்கள்.

வாயைக் குறுக்கிய அடுப்பிலே ஒன்று மட்டும் இயலாது. ஊரைக் கூட்டி ஒடியற்கூழ் காய்ச்சும் பெரும்பானை அதற்குள் நுழையாது. அதற்கு முற்றத்திலே மூன்று கல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.