நட்டு, போல்டு, நான்!

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்பது வருஷமாகத் துணி காயப்போடுவதற்கென்றே ஒரு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. மாமனார் ஓட்டிய பஜாஜ் சேத்தக், 1986-ல் வாங்கியது. அந்தக் காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். முறை வந்தபோது கையில் பணம் போதாமல், மாமியார் தன் இரண்டு வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தாராம்.

“காயலான் கடைக்குப் போட்டுடலாம், இடமாவது மிச்சமாகும்” என்றார் என் கணவர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கொல்லைப் பக்கம் போனவள், அவர் புடவைத் தலைப்பால் அந்த ஸீட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்புறம் எனக்கு மனசு கேட்கவில்லை.

தெருக்கோடி மெக்கானிக் வந்து பார்த்தார். “எஞ்சினையும் பாடியையும் நான் பார்த்துக்கறேன் அக்கா. இந்தச் சில்லறைச் சாமானை உட்கார்ந்து தேய்க்கத்தான் ஆள் இல்லை” என்றார். நட்டு, போல்டு, வாஷர், கிளிப், ஸ்டாண்டு, கண்ணாடிக் கம்பி என்று இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகின கைக்கு இது என்ன பிரமாதம்? “என்கிட்டே கொடுங்க” என்று வாங்கிக்கொண்டேன்.

பாதி வேலை சுத்தம் செய்வதுதான்

கழற்றும்போதே எது எந்த இடத்தது என்று செல்போனில் படம் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் நாலு போல்டு மிஞ்சும், நாம் முழிப்போம்!

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். பழைய கிண்ணத்தில் கொஞ்சம் டீசல் விட்டு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு பாத்திர சோப்பும் வெந்நீரும் விட்டு அலசினேன். அந்தக் கிண்ணம் மறுபடி சமையலறைக்குள் வரவே கூடாது.

துருப்பிடித்தவற்றை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் மறுநாள் கம்பி பிரஷ்ஷுக்குத் துரு கழன்று வரும். உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் அரைமணியில் மறுபடி செம்பழுப்பு ஏறிவிடும். ஸ்பிரிங்கையும், தலையில் 10.9, 12.9 என்று எண் பொறித்த போல்டையும் மட்டும் வினிகரில் போடாதீர்கள். அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்தக் கடினமான எஃகுக்குள் புகுந்து, பிற்பாடு பட்டென்று முறிய வைத்துவிடும். அவற்றைக் கையால் தேய்ப்பதுதான் சரி.

பழைய பெயிண்டை ஒருநாளும் உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது. அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுவும் வீட்டுப் பெயிண்டுக்குத்தான். ஆகவே வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தே தேய்த்தேன். தரையை ஈரத்துணியால் துடைத்து, கை கழுவி, புடவை மாற்றிக்கொண்ட பிறகுதான் அடுப்பங்கரைக்குள் போவேன்.

பூசும் விதம்

தடித்த அட்டைப் பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டு, போல்டுகளைத் தலை மேலே இருக்கும்படி சொருகினேன். மரை உள்ளே மறைந்துவிடும், தலை மட்டும் பெயிண்ட் வாங்கிக்கொள்ளும். முதலில் ப்ரைமர். அது காய்ந்ததும் பெயிண்ட். ஸ்பிரே டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிசாக மூன்று கை அடித்தேன். ஒரே கையில் மூட நினைத்தால் வழிந்து நிற்கும். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் நன்றாக இறுக ஒரு வாரம் விட வேண்டும். அவசரப்பட்டால் ஸ்பானர் பட்ட இடமெல்லாம் பெயர்ந்துவிடும்.

இத்தனையும் மொட்டை மாடியில், காற்றோட்டத்தில், மூக்கை மூடிக்கொண்டு செய்தேன். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

நான் செய்த தப்பு

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிச்சமிருந்த தின்னரை ஒரு காலி கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மாடிப்படியில் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரின் மூன்று வயதுப் பிள்ளை அதை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். மாமியார் எப்படித்தான் ஓடினாரோ, பிடுங்கிவிட்டார். மூடி திறக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

தின்னர், டீசல், மண்ணெண்ணெய், ஆசிட் எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றாதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே, பூட்டின அலமாரியில் வையுங்கள். ஒருவேளை குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்னர் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் வரும் வழியெல்லாம் மறுபடி சுடும். 108-க்குப் போன் செய்து, அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பூசக் கூடாத இடங்கள்

வண்டியைப் பூட்டிய அன்று எல்லாச் சாமானும் பளபளவென்று இருந்தது. ஆனால் ஹாரன் அடிக்கவில்லை, விளக்கும் எரியவில்லை! மெக்கானிக் சிரித்தார். “எர்த் ஒயர் உட்கார்ற இடத்திலேயும் பெயிண்ட் அடிச்சிட்டீங்க அக்கா. பெயிண்ட் கரண்டை விடாது.” அந்த இடத்தை எமரி பேப்பரால் சுரண்டி, போல்டை முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். ஹாரன் அலறியது.

சக்கர நட்டுகள் உட்காரும் இடத்தில் நான் அடித்திருந்த பெயிண்டையும் துடைத்து எடுக்கச் சொன்னார். அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட நசுங்கி, நட்டு தளர்ந்துவிடுமாம். பிரேக் சாமானிலும் அப்படித்தான். பூசத் தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே விட வேண்டும் என்றும் தெரிய வேண்டும் என்பதை இரண்டு பிஸ்கட் டின் சாமான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆர்.சி.யைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை இவர் வண்டியை வாசலில் நிறுத்தினார். மாமியார் பின் ஸீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஸ்டெப்னி மேலிருந்த புது நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இது புதுசா வாங்கினதா?”

“இல்லேம்மா, பழசுதான்.”

“தெரியும். சும்மா கேட்டேன்” என்று சிரித்தார். வண்டி கோயில் பக்கம் திரும்பியது.