பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவில் தாயின் உணவும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும்

தமிழகத்தில் பத்தியச் சோறு என்பது மகப்பேறு முடிந்த பெண் உண்ணும் உணவு வகையை மட்டும் குறிப்பதன்று. யாரேனும் ஒருவர் அவளுக்கெனச் சமைத்து, வேளைக்கு எடுத்து வைத்து, உண்டாளா என்று கேட்கும் ஏற்பாட்டையும் அது உள்ளடக்கியது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, பிரசவ லேகியம் எனப் பட்டியல் இடத்துக்கிடம் வேறுபட்டாலும் இவ்வேற்பாடு வேறுபடுவதில்லை. குறைமாதப் பிறப்பு, தொற்று, மூச்சுத்திணறல் முதலிய காரணங்களால் குழந்தை மருத்துவமனையிலேயே தங்க நேரும்போது முதலில் குலைவது இதுவே. அத்தகைய தாய்மாரின் உணவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

வேலூர் மாவட்டக் கிராமப்புறத் தாய்மாரிடையே நிகழ்த்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வு, மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காட்டினர் எனக் கண்டது. குறைந்த வருமானம், ஆண்மகவை எதிர்பார்த்த நிலையில் பெண் பிறந்தமை, மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல் ஆகியவற்றோடு, வேலைகளில் கைகொடுக்க ஆளில்லாமையும் காரணிகளுள் ஒன்றாக அதில் இடம்பெற்றது. பத்தியம் குலைவது இந்தக் கடைசிக் காரணியின் ஒரு வடிவமே எனலாம்.

உணவும் மனநிலையும் ஒன்றையொன்று பாதிப்பவை. சோர்வுற்ற மனம் பசியைக் குறைக்கிறது. உண்ணாமை உடற்களைப்பைக் கூட்டி மனத்தை மேலும் தளர்த்துகிறது. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. குழந்தை மார்பில் சப்ப இயலாதபோது தாய் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும், பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் சுரப்பும் குறையும். மன அழுத்தம் பால் இறங்குவதைத் தடுக்கும். ஓரளவு ஊட்டக்குறைவுள்ள தாயருக்கும் பொதுவாகப் போதிய பால் சுரக்கும் என்பதே மருத்துவ உண்மை. ஆயினும் ‘நீ ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் பால் வரவில்லை’ என்னும் பேச்சு அவள் காதில் விழுகிறது. அக்கறையில் பிறந்த சொல்லாயினும் அது குற்றவுணர்வையே வளர்க்கிறது.

குறிப்பிட்ட சத்து ஒன்றே மனச்சோர்வைத் தடுத்துவிடும் என்று கருதுவதற்கும் இடமில்லை. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 800 மில்லிகிராம் டிஎச்ஏ அடங்கிய மீனெண்ணெய் கொடுத்தும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு குறையவில்லை. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து அளிப்பது எவ்வகையிலும் தேவையானது; அது வேறு செய்தி.

கண்டறியும் கருவியிலும் ஓர் இடைவெளி உள்ளது. 1987இல் உருவான எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் பத்து வினாக்கள் கொண்டது. அதன் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது. மகப்பேற்றுக்குப் பின் பசி மாறுபடுவது இயல்பு என்பதால், பசி பற்றிய வினாவை அதை உருவாக்கியோர் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நோயில்லாதவரை நோயாளியெனக் கொள்ளும் பிழையைத் தவிர்க்க அது தக்க முடிவே. ஆனால் இரண்டு நாள்களாகத் தேநீரும் பன்னும் மட்டுமே உட்கொண்ட தாயை அவ்வளவுகோல் அடையாளம் காட்டாது. ‘இன்று என்ன சாப்பிட்டீர்கள், எப்போது?’ என்பதைச் செவிலியர் தனியே கேட்க வேண்டியுள்ளது.

கேட்டபின் உணவு எங்கிருந்து வரும் என்பது அடுத்த சிக்கல். 2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம், அரசு மருத்துவமனைகளில் இயல்பான மகப்பேற்றுக்கு 3 நாள், அறுவைச் சிகிச்சைக்கு 7 நாள் வரை தாய்க்கு இலவச உணவை உறுதிசெய்கிறது. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான இலவச மருத்துவமோ தொடக்கத்திலேயே 30 நாள் வரை வகுக்கப்பட்டு, பின்னர் ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. எட்டாம் நாளில் குழந்தை நோயாளியாகவே இருக்க, தாய் ‘உடனிருப்பவர்’ ஆகிவிடுகிறாள். தொலைவிலுள்ள ஊரிலிருந்து வந்த குடும்பத்திற்கு வீட்டுச் சமையல் எட்டாது. கடைச் சாப்பாட்டுக்கான பணம் பேருந்துக் கட்டணத்தோடு போட்டியிடுகிறது. அப்போட்டியில் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவள் தாயே.

தாயையும் எடை குறைந்த சேயையும் பிறந்தது முதலே ஒரே பிரிவில் வைத்துக் கங்காரு முறையில் பராமரிக்கும் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடைபெற்றது. 28 நாளுக்குள் நேர்ந்த இறப்பு, வழக்கமான முறையில் 15.7 விழுக்காடாகவும் இம்முறையில் 12 விழுக்காடாகவும் இருந்ததை 2021இல் அது வெளியிட்டது. குழந்தைக்காக வகுக்கப்பட்ட இம்முறையில் தாய்க்கும் அப்பிரிவிலேயே ஒரு கட்டில் கிடைக்கிறது. கட்டில் எண் உள்ளவருக்கே மருத்துவமனைச் சமையலறையில் சோறு கணக்கிடப்படும்.