தண்டுவடச் சேதமும் சர்க்காரின் கடமையும்

முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலற்றுப் போனவனைப் பற்றி நமது ஜனங்கள் கொண்டுள்ள அபிப்பிராயம் ஒன்றே. அவன் வாழ்வு முடிந்தது என்பதே அது. பனையிலும் தென்னையிலும் இருந்து விழுந்தோர், கட்டடச் சாரத்திலிருந்து தவறியோர், சாலை விபத்தில் அடிபட்டோர் என இவர்களுள் பலர் உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வாலிபர். எலும்பைச் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பியதோடு வைத்தியம் தீர்ந்ததாக எண்ணுகிறார்கள். நாம் இதை அடியோடு மறுக்கிறோம். வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது.

மேல்நாட்டாரும் ஒரு காலத்தில் இப்படியே எண்ணியிருந்தனர். முதல் உலக யுத்தத்தில் தண்டுவடம் சேதமுற்ற சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் காயமன்று. படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப்பையில் தோன்றிச் சிறுநீரகத்துக்குப் பரவிய நோயுமே. உணர்ச்சியற்ற உடல் ஒரே பக்கமாய் அழுந்திக் கிடந்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும். வலி தெரியாமையால் நோயாளி புரண்டு படுப்பதுமில்லை.

இந்த விதியை மாற்றியவர் லுட்விக் குட்மன் என்னும் நரம்பு வைத்தியர். யூதராகப் பிறந்த குற்றத்திற்காக ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு 1939-ல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியின் தண்டுவடப் பிரிவு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தரம் ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. இதில் அரிய மருந்து ஏது, விலையுயர்ந்த யந்திரம் ஏது? ஆட்களும் அக்கறையுமே வேண்டியிருந்தன. புண் ஆறியவர்களை எழுப்பி உட்கார வைத்தார், கைகளுக்கு வலுவூட்டினார், தொழில் கற்பித்தார், வில்லையும் கையில் கொடுத்தார். 1948 ஜூலை 29-ந் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே அம்பெய்தனர். பாராலிம்பிக் பந்தயங்களின் மூலம் அதுவே. 1965 யுத்தத்தில் குண்டடிபட்ட நமது ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றதும் இவ்வழியிலேதான்.

அன்னிய நாட்டு உதாரணம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் மோட்டார் விபத்தில் கால்களை இழந்தவர் போலானார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் அவ்வைத்தியத்துக்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. அப்படியிருந்தும், அந்த முறை ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் ஏன் பரவவில்லை என்று கேட்கிறோம்.

ஆராய்ச்சி ஒருபுறம் நடக்கிறது. ஸ்விட்ஜர்லாந்தில் லோஸான் நகரத்து விஞ்ஞானிகள், தண்டுவடத்தின்மேல் மின்முனைகளைப் பதித்து, மூவரை ஊன்றுகோல் துணையுடன் நடக்கச் செய்ததாக 2018-ல் அறிவித்தனர். 2023-ல், மூளையின் எண்ணத்தையே தண்டுவடத்துக்கு அனுப்பும் கருவியையும் காட்டினர். மகிழ்ச்சிதான். ஆனால் அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி ஆக்கும் சிகிச்சை இன்னும் கிட்டவில்லை. கிட்டிவிட்டதாகச் சொல்லி, மூல உயிரணு ஊசி என்று ஏழைகளின் நிலத்தை விற்க வைப்போரைக் குறித்து நேயர்கள் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது சர்க்காரின் பொறுப்பு. பொதுக் கட்டடங்கள் அனைத்தும், விதிகள் பிறந்த ஐந்தாண்டுகளுக்குள் உடல் ஊனமுற்றோர் நுழையத்தக்கவையாக வேண்டும் என்று 2016-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. கெடு 2022-லேயே கடந்துவிட்டது. சட்டசபை அங்கத்தினர்கள் தத்தம் தொகுதியிலுள்ள தாலுகா ஆபீசுக்குச் சென்று, வாசற்படிகளை எண்ணிப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் மந்திரிகளிடம் கேள்வி கேட்பார்களாக.