பழைய உரைமாற்றிப் பக்கங்களும் எளிய நிரல்தொகுப்பிகளும்

மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்றது. பெயர்தான் மதுரை, அதனை முன்னின்று நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தவர். திஸ்கி என்னும் குறியேற்றத்தில் வெளிவந்த அதன் நூல்கள் பின்னர் ஒருங்குறியிலும் கிடைக்கலாயின. ஆயினும் அக்காலத்துத் திஸ்கிக் கோப்புகள் ஆய்வாளர் பலரின் கணினிகளில் இன்றும் உள்ளன. அவற்றை மாற்றுதற்குப் பயன்பட்டவை, பொங்குதமிழ் போன்று உலாவியிலேயே இயங்கிய உரைமாற்றிப் பக்கங்கள். இவ்வகைப் பக்கமொன்றைச் செப்பனிட நோட்பேட்++ போன்ற எளிய நிரல்தொகுப்பியே போதும். அது தானாக எதையும் சேர்ப்பதில்லை. ஏடு பெயர்த்தெழுதுவோர்க்கு வேண்டிய முதற்பண்பும் அதுவே.

இடர் சேமிக்கும்போது நேர்கிறது. திஸ்கிக் கோப்பினைத் தொகுப்பி இலத்தீன் எழுத்தாகக் கருதித் திறக்கும். அந்நிலையில் யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால், தமிழ் ஒருங்குறி கிடைக்காது. இலத்தீன் குறிகளே புதுவடிவில் பதிவாகும். திஸ்கி எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அக்கோப்பு தமிழாகவே தோன்றக்கூடுமாதலின் பிழை உடனே புலப்படுவதில்லை. 'இக்குறியேற்றத்தில் படி' என்பதும் 'இக்குறியேற்றத்திற்கு மாற்று' என்பதும் வெவ்வேறு கட்டளைகள் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இதனினும் நுண்ணியது விதிகளின் வரிசை. திஸ்கி, கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே எழுத்தைப் பதிகிறது: 'தொ' என்பது ஒற்றைக்கொம்பு, தகரம், துணைக்கால் என மூன்று குறிகள். ஒருங்குறியிலோ தகரத்தை அடுத்து ஒகரக்குறி ஒன்றே வரும். எனவே உரைமாற்றியின் நிரலில் மூன்று குறிகளுக்கான விதி முந்தியும், கொம்பும் மெய்யும் மட்டும் கொண்ட விதி பிந்தியும் நிற்றல் வேண்டும். வரிகளை அகரவரிசைப்படுத்தி 'அழகுபடுத்த' முனைந்தால் இவ்வொழுங்கு குலைந்துவிடலாம். அப்போது 'தெ' முதலில் உருவாகி, துணைக்கால் தனியே அதனோடு ஒட்டும். திரையில் அதுவும் 'தொ' என்றே தெரியும். ஆனால் குறிகளை உள்ளவாறே ஒப்பிடும் தேடலில் இரண்டும் ஒன்றாகா. 'தொடை' என்னும் சொல்லுக்கு அடைவு தயாரிப்பவர் அதன் வருகைகள் சிலவற்றை இழப்பார், இழந்ததை அறியவும் மாட்டார். மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கும் இது அகப்படாது.

ஆகவே மாற்றப்பெற்ற உரையை ஆய்வுக்குக் கொள்ளுமுன், ஒற்றைக்கொம்பின் குறியெண்ணும் துணைக்காலின் குறியெண்ணும் அடுத்தடுத்து வரும் இடங்களைத் தொகுப்பியின் சுருங்குறித்தேடல் வழியே தேடிப் பார்த்தல் வேண்டும். இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேரும் ஓகாரத்திற்கும் இதுவே முறை. ஒளகாரத்தைத் தனியே நோக்குக. பழைய எழுத்துருக்களில் அதன் பின்னுறுப்பு ளகரத்தோடு மயங்கும்.