காலில் சக்கரம் கட்டிய கோச்!

அமெரிக்கக் கூடைப்பந்து கோச் லாரி பிரவுனின் பெஞ்சுக்குப் பின்னால் நாம் நின்று எட்டிப் பார்க்கப்போகிறோம். அங்கே நடந்ததெல்லாம் அத்தனை சுவாரஸ்யம்!

1940-ல் புரூக்ளினில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். ஆனாலும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து அணியில் ஆடித் தங்கம் வாங்கினார். கோச் ஆனபிறகோ கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கரோலைனா, டென்வர், யுசிஎல்ஏ, நியூ ஜெர்சி, கேன்சஸ், சான் அன்டோனியோ, லாஸ் ஏஞ்சலஸ், இண்டியானா, பிலடெல்பியா, டெட்ராய்ட், நியூயார்க், சார்லட், டாலஸ், இத்தாலியின் டூரின் வரை! 1983-ல் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு லீக் ஆட்டங்கள் இன்னும் ஆறு பாக்கி இருக்கும்போதே கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். எழுபதுகளில் ஏபிஏ லீக்கில் ஓவரால்ஸ் மாட்டிக்கொண்டு கோர்ட் ஓரம் நின்ற ஆளும் இவரே.

கேன்சஸில்தான் உண்மையான விருந்து. கரோலைனாவில் தன்னிடம் ஆடிய எட் மேனிங் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை உதவி கோச்சாக அழைத்துக்கொண்டார் பிரவுன். கூடவே வந்தார் எட்டின் மகன் டேனி மேனிங், பள்ளிக்கூடப் பையன், ஆனால் அபார ஆட்டக்காரர்! அப்பாவுக்கு வேலை கொடுத்ததே மகனுக்காகத்தான் என்று அப்போதே பலர் முணுமுணுத்தார்கள்.

1988, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ இறுதி ஆட்டம். அந்த சீசனில் ஏற்கெனவே 11 ஆட்டங்களில் தோற்றிருந்த கேன்சஸ், அசுர வேக ஓக்லஹோமாவை எதிர்த்து நிற்கிறது. முதல் பாதியில் ஓக்லஹோமாவின் வேகத்துக்கே ஈடுகொடுத்து ஓடினார்கள்: 50-50. இடைவேளைக்குப் பிறகு வேகத்தைக் குறைத்துப் பொறுமையாக ஆடினார்கள். கடைசி நொடிகளில் டேனி ஃப்ரீ த்ரோக்களைப் பதற்றமில்லாமல் போட்டுத் தள்ள, 83-79 என்று கோப்பை கைக்கு வந்தது. டேனிக்கு மட்டும் 31 புள்ளிகள், 18 ரீபவுண்டுகள். புல்லரிக்கிறது இல்லையா? சில மாதங்களிலேயே கோச் சான் அன்டோனியோவில்!

இப்போது கண்ணை பெஞ்சுக்குத் திருப்புங்கள். 1986-87-ல் கலிஃபோர்னியாவின் ஒரு சின்னக் கல்லூரி கோச், விடுப்பு எடுத்துக்கொண்டு கேன்சஸுக்கு வந்து பிரவுனிடம் தொழில் கற்றார். பெயர் கிரெக் போபவிச்! பிரவுன் சான் அன்டோனியோ போனபோது உதவி கோச்சாக அவரையும் அழைத்துக்கொண்டார். பிறகு அதே அணிக்குத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஐந்து பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர் போபவிச். கேன்சஸ் பெஞ்சில் பிரவுனிடம் பாடம் படித்தவர்களில் பில் செல்ஃபும் ஜான் கலிபாரியும் உண்டு. இருவருமே பின்னாளில் என்சிஏஏ கோப்பை வென்ற கோச்சுகள். பிரவுன் ஊர் ஊராக விதைத்துவிட்டுப் போனார் என்றே நான் சொல்வேன்.

பிலடெல்பியா அமர்க்களத்தை விட்டுவிட முடியுமா? பாயிண்ட் கார்டாக இருந்த ஆலன் ஐவர்சனை ஷூட்டிங் கார்டாக மாற்றி, பந்தை எரிக் ஸ்னோவிடம் கொடுத்தார் பிரவுன். 2001-ல் என்பிஏ இறுதிச்சுற்று! முதல் ஆட்டத்தில் ஐவர்சன் 48 புள்ளிகள் குவிக்க, அந்த பிளேஆஃப்பில் அதுவரை தோல்வியே காணாத லேக்கர்ஸ் அணி சாய்ந்தது. பட்டம் என்னவோ லேக்கர்ஸுக்குத்தான். மறுவருடம் பயிற்சிக்கு வருவதைப் பற்றிக் கேட்ட நிருபர்களிடம் 'பயிற்சி' என்ற சொல்லையே இருபது தடவைக்கு மேல் சொல்லித் தீர்த்தார் ஐவர்சன். பிரவுனுக்கும் ஐவர்சனுக்கும் இடையே நெருப்பும் இருந்தது, பாசமும் இருந்தது.

2004-ல் டெட்ராய்ட். ஷாக், கோபி போன்ற நட்சத்திரங்கள் எல்லாம் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்தி என்பிஏ பட்டம்! மறுவருட இறுதிச்சுற்றில் எதிர் பெஞ்சில் யார் தெரியுமா? போபவிச்! ஏழு ஆட்டம் இழுத்து, கடைசியில் சிஷ்யர்தான் ஜெயித்தார்.

1988 இறுதி ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் இரண்டாம் பாதியை அவசியம் பாருங்கள். என்சிஏஏ, என்பிஏ என்று இரண்டு பட்டங்களையும் வென்ற ஒரே கோச் லாரி பிரவுன்தான்.