அடுக்களைப் படியும் வளர்ப்புப் பிராணிகளும்

பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த நம் குடும்பங்களில் நாயோ பூனையோ வளர்க்கும் வீடுகள் இப்பொழுது பலவாகிவிட்டன. பிள்ளைகளின் பிடிவாதத்தால் வந்தவை சில. இடவப்பாதி மழையில் நனைந்து வாயிலில் நின்று, இரக்கத்தால் உள்ளே சேர்ந்தவை பல. வந்த சில திங்களுக்குள் வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. அடுக்களைக்குள் நாய் வரலாமா? பூசையறையில் பூனை நுழையலாமா? கூடாது என்பார் பாட்டியார். வரட்டுமே என்பான் பேரன். இருவருக்கும் இடையே நின்று தவிப்பவர் இல்லத்தரசி. வழக்கு முற்றி, ஈற்றில் தண்டனை பெறுவது வாய் பேச இயலாத அந்தப் பிராணியே. இரவோடு இரவாகக் கோணியில் இட்டுக் கட்டி, சாலைக் கடைத்தெருப் பக்கம் விட்டுவிட்டு வந்தோரையும் நாம் அறிவோம்.

பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுச் சோறு உண்டு பழகிய நாய், தெரு நாய்களின் கூட்டத்திடையே படும் பாட்டைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். அடுக்களைப் படியைத் தாண்டாதிருக்க அதற்குக் கற்பித்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது. கற்பிப்பது இயலாத செயலும் அன்று. பொறுமையும், வீட்டாரிடையே ஒற்றுமையும் இருந்தால் போதும். இவ்விரண்டில் இரண்டாவதே அரிதென்பது நம் கருத்து.

நம் முன்னோர் பூனைக்குப் பாடம் சொல்ல முனையவில்லை. பாலையும் தயிரையும் உறியில் ஏற்றிவிட்டார்கள். திவசத்தன்று பூனையைக் கூடையால் கவிழ்த்து வைத்த தந்தையைப் பார்த்திருந்த மகன், பின்னாளில் பூனையே இல்லாத தன் வீட்டுத் திவசத்திற்கு ஊரெல்லாம் தேடிப் பூனை ஒன்றைப் பிடித்து வந்த கதையைப் பாட்டிமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். கதை நகைப்புக்குரியதே, உறியின் பின்னுள்ள அறிவு நகைப்புக்குரியதன்று. எட்டாத பொருளை நாடும் பழக்கம் வேர்பிடிப்பதில்லை. அடுப்பு மேடையில் ஒருமுறை மீன் துண்டு அகப்பட்டுவிட்டாலோ, நூறு முறை விரட்டினாலும் பூனை அம்மேடையை மறவாது.

இதனைச் சோதனையால் நிறுவியவர் தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர். பசித்த பூனைகளை மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவு வைத்து, அவை எவ்வாறு வெளியேறுகின்றன என்று கணக்கிட்டு 1898இல் அவர் எழுதினார். பூனைகள் பிறாண்டியும் கடித்தும் அலைக்கழிந்து, தற்செயலாகக் கயிற்றை இழுத்தோ தாழை மிதித்தோ கதவைத் திறந்தன. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வெளிவரும் நேரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. பூனை ஆராய்ந்து தெளியவில்லை. பயன் தந்த செயல் அதனிடம் பதிந்துவிட்டது, அவ்வளவே. எனவே அடுக்களைக்குள் நுழைவதால் பயன் உண்டா, வெளியே இருப்பதால் பயன் உண்டா என்பதுதான் பிராணியின் கணக்கு. அக்கணக்கை மாற்றுவதே நாம் செய்ய வேண்டிய வேலை.

முதலில் எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களின் பழைய வீடுகளில் ரேழி, கூடம், அடுக்களை, கொல்லைப்புறம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடக்கும். நாய்க்கு அது நெடுஞ்சாலை. ஆயினும் அவ்வீடுகளில் ஒரு நன்மை உண்டு: அறைக்கு அறை நிலைப்படி இருக்கிறது. தடுக்கி விழும்போதெல்லாம் நாம் வைதுகொள்ளும் அந்தப் படி, நாய்க்குச் சிறந்த எல்லைக்கல். இக்காலத்து அடுக்குமாடி வீடுகளில் தரை முழுதும் ஒரே டைல்ஸ். கூடம் எங்கே முடிகிறது, அடுக்களை எங்கே தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு எப்படித் தெரியும்? அங்கே பட்டையான நிறநாடா ஒன்றைத் தரையில் ஒட்டலாம். தொடக்கத்தில் முழங்கால் உயரத் தடுப்பு ஒன்று வைத்தால் இன்னும் நன்று.

எல்லை வகுத்தபின் வெளிப்புறத்தில் நாய்க்கென்று ஓரிடம் தருக. பழஞ்சாக்கோ கோரைப்பாய்த் துண்டோ போதும். அதன்மேல் அது படுத்திருக்கும்போது மட்டும் சிறு தின்பண்டம் கொடுக்க வேண்டும்; வேகவைத்த முட்டைத் துணுக்கோ காரட் துண்டோ எதுவாயினும் சரி, விரல்நுனி அளவுக்கு மேல் வேண்டாம். பிறகு நாம் ஓரடி அடுக்களைக்குள் வைத்து, நாய் எழுமுன்னரே திரும்பிவந்து பண்டத்தைச் சாக்கின்மேல் இட வேண்டும். இரண்டு விநாடி, ஐந்து விநாடி, பத்து விநாடி என்று உள்ளே நிற்கும் நேரத்தை நீட்டிச் செல்லலாம். நாய் எழுந்து வந்துவிட்டால் வைதல் கூடாது. நாம் விரைந்து நேரத்தைக் கூட்டிவிட்டோம் என்பதே பொருள். பேசாமல் சாக்குக்கு அழைத்துச் சென்று, குறைந்த நேரத்திலிருந்து மறுபடி தொடங்குக. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் இப்பயிற்சி வேண்டுவதில்லை. நாளைக்கு இரண்டு மூன்று வேளை செய்தால் போதும். அடுக்களைக்கு உள்ளே நின்றுகொண்டு ஒரு பருக்கையும் எறியக்கூடாது. பரிசு எப்பொழுதும் வெளியே, அதுவும் செயல் முடிந்த ஓரிரு விநாடிக்குள்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்றும் இங்கே உண்டு. தாத்தா ‘உட்கார்’ என்கிறார்; மலையாளப் பள்ளியில் பயிலும் பேத்தி ‘இரி’ என்கிறாள்; அலுவலகத்திலிருந்து திரும்பும் தந்தை ‘சிட்’ என்கிறார். மூன்று மொழி கற்ற நாய் உலகில் இருக்கலாம்; ஆனால் நம் வீட்டு நாய்க்கு அந்தச் சுமை எதற்கு? வீட்டார் அனைவரும் அமர்ந்து ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்துகொள்வது நன்று. எந்த மொழியாயினும் குற்றமில்லை. தமிழாக இருந்தால் நமக்கு மகிழ்ச்சி.

சொல் ஒன்றானால் போதாது, விதியும் ஒன்றாக வேண்டும். இருப்புப்பாதையில் பணி செய்யும் நமக்கு இது எளிதில் விளங்கும். சிவப்பு விளக்கு திங்கட்கிழமையும் சிவப்பு, தீபாவளியன்றும் சிவப்பு; ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து அது மாறுவதில்லை. வீடுகளிலோ, பத்து நாள் விரட்டிவிட்டு, பதினோராம் நாள் விருந்தின்போது ‘பாவம், இன்று ஒருநாள்’ என்று அடுக்களைக்குள்ளேயே அப்பளத் துண்டைப் போட்டுவிடுகிறோம். ஊரிலிருந்து வரும் பாட்டியார் ஆசாரத்தில் கண்டிப்பானவரேயாயினும் தயிர்ச்சோற்றுருண்டையை முதலில் நீட்டுபவரும் அவரே. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் அறிஞர் இருவர் 1957இல் வெளியிட்ட பெருநூலில், எப்பொழுதும் கிடைக்கும் பயனைவிட, எப்பொழுதாவது கிடைக்கும் பயனே பழக்கத்தை நெடுநாள் நிலைக்கச் செய்கிறது என்பதைப் பல சோதனைகளால் காட்டினர். லாட்டரிச் சீட்டுக் கடைகள் தெருத்தோறும் உள்ள இவ்வூரில் இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒருநாள் தளர்வு, பத்து நாள் உழைப்பை அழிப்பதோடு நில்லாமல், நாயின் விடாமுயற்சியையும் வளர்த்துவிடுகிறது.

அடித்துத் திருத்தலாம் என்பாரும் உளர். மாலையில் வீடு திரும்பி, கவிழ்ந்த பாற்பாத்திரத்தைக் கண்டு நாயை அடித்தால், அது நான்கு மணி நேரத்திற்கு முன் செய்த செயலையும் இப்பொழுது விழும் அடியையும் இணைத்துப் பார்க்க இயலாது. ‘தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதே, தவறு செய்தது அதற்குத் தெரிகிறதன்றோ?’ என்று கேட்பர். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தவறு செய்த நாயும் செய்யாத நாயும் உடையவர் கடிந்தபோது அதே முகத்தைக் காட்டின. நாம் குற்றவுணர்வு என்று கொள்வது, நம் சினத்தைக் கண்ட அச்சமே. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல் விடுத்த அறிக்கையில், பரிசு தந்து பழக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைத்தது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாடு 2010லேயே தடைசெய்துவிட்டது. நம் ஊரில் அப்பட்டையை வாங்கத் துடிப்பவர்கள் இதனைக் கருத வேண்டும்.

பூனையின் வழி வேறு. ‘கூடாது’ என்ற சொல்லுக்கு அது தரும் மதிப்பை நாம் அறிவோம். அடுப்பு மேடையில் ஏறாதே என்று தடுப்பதைவிட, ஏறுவதற்கு அதனினும் உயர்ந்த ஓரிடம் தருவதே தக்கது. சன்னலை ஒட்டிய பலகைத்தட்டு ஒன்று, அங்கிருந்து அணிலும் காக்கையும் தெரியுமானால், பூனைக்கு அதுவே அரியணை. விடியற்காலையிலும் அந்தியிலும் பூனைக்குச் சுறுசுறுப்பு மிகுதி. நாம் சமைப்பதும் அவ்வேளைகளில்தான். சமையல் தொடங்குமுன் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டி, உணவும் இட்டுவிட்டால் அது உறங்கப் போய்விடும்.

படுக்கையறைக் கதவை அடைத்து வைக்க முடிவு செய்தவர்கள் ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். முதல் சில இரவுகளில் கத்தலும் பிறாண்டலும் குறையா, மிகும். வழக்கமாகக் கிடைத்த பயன் திடீரென நின்றால், அச்செயல் ஓய்வதற்குமுன் ஒருமுறை பொங்கி எழுவது இயல்பு. மூன்றாம் இரவு பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தால், ‘மூன்று இரவு கத்தினால் திறக்கும்’ என்ற பாடத்தையே பூனை கற்றுக்கொள்கிறது.

இனி, இந்த எல்லைகள் நம் ஆசாரத்திற்காக மட்டும் என்று இளைஞர்கள் எண்ண வேண்டா. பூசையறையில் இருக்கும் கற்பூரம் நாய் பூனைகளுக்கு நஞ்சு. பிரசாதத்திலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுக்க வல்லது. அடுக்களையிலுள்ள வெங்காயமும் பூண்டும் இரத்த அணுக்களைச் சிதைக்கும். காய்ச்சலுக்கென்று நாம் மேசையில் வைத்திருக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையின் உயிரைப் போக்க.

தலைப்பிரசவத்திற்கு மகள் தாய்வீடு வரும்போது, ‘பூனையை முதலில் வெளியேற்று’ என்ற குரல் எழாத வீடு அரிது. பூனையின் மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் மலத்துடன் வெளிப்பட்ட அது, தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் தூய்மை செய்து, கருவுற்றவர் அதனைத் தொடாமலிருந்து, பூனைக்குப் பச்சை இறைச்சி தராமல் இருந்தால், பூனையைக் கைவிடவேண்டிய தேவையில்லை. மகளின் அறையை மட்டும் எல்லைக்கு அப்பால் வைத்தால் பாட்டியாரின் மனமும் அமைதியுறும். அதற்கு மகள் வருவதற்கு ஒரு திங்கள் முன்னரே கதவை அடைத்துப் பழக்க வேண்டும். மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் முறை.

வீட்டுக்குள் எல்லை இருப்பதுபோல் வெளியிலும் உண்டு. விழிஞ்ஞத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்னும் வளர்ப்பு நாய், படகொன்றின் அடியில் படுத்து இளைப்பாறும் வழக்கமுடையது. 2021 ஜூன் மாதத்தில் அதனைச் சிலர் அடித்தே கொன்றனர். அச்செய்தி நாடெங்கும் பரவியது. கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அவ்வழக்குக்கு அந்நாயின் பெயரையே சூட்டியது. வளர்ப்புப் பிராணிகளை உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு செய்விக்க வேண்டும் என்ற பணிப்பும் அதில் பிறந்தது. அக்கொடுமைக்கு எவ்வித நியாயமும் இல்லை. ஆயினும் நம் நாய் எந்த வாயிலில் படுக்கிறது, யார் முற்றத்தைக் கடக்கிறது என்பதை அயலார் எல்லோரும் அன்போடு பார்ப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. மதிற்கதவைத் திறந்தவுடன் ஓடாமல் சொல்லுக்குக் காத்து நிற்கும் பழக்கத்தையும் அதே சாக்கு முறையில் கற்பிக்கலாம். அடுக்குமாடியில் குடியிருப்போர்க்கு ஒரு செய்தி: பிராணிகளே கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் விதிக்கும் தடை செல்லாது என்று அதே 2021ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நியாயமான நிபந்தனைகளை மட்டும் அவை விதிக்கலாம்.

பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலம் மழைக்கு முன்னரே. முற்றத்தில் கிடந்த நாய் மழை தொடங்கியதும் உள்ளே வரும். அப்பொழுது கற்பிக்கத் தொடங்கினால் ஈரக்காலும் சேறுமாக எல்லாரும் எரிச்சலில் இருப்பார்கள்.

நம்மவர் பலர் மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்பவர்கள். நாய் கற்றது ‘அடுக்களை’ என்ற கருத்தை அன்று. அந்த வீட்டின் அந்தப் படியை. புதிய வீட்டில் முதல் நாளே எல்லையைக் காட்டி, இரண்டு விநாடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். முன்னிலும் விரைவில் பிடித்துக்கொள்ளும். இரயிலில் நாயை அழைத்துச் செல்வோர், குளிர்சாதன முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் தமக்கெனப் பெற்றாலன்றி உடன் வைத்துக்கொள்ள இயலாது. இல்லையேல் பிரேக் வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். எதுவாயினும் பழைய சாக்கைத் துவைக்காமல் அப்படியே உடன் எடுத்துச் செல்லுங்கள். அதன் வாடை இருக்கும் இடத்தில் நாய் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.