மாமன் பேரு கண்ணுல அடிக்கணும்!

ரகசியத்தை எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கிறேன். மதுரை சிம்மக்கல் சுவரில் உங்களைக் கலங்கவைத்த கண்ணீர் அஞ்சலி, விளக்குத்தூண் பக்கம் கையில் திணித்த புடவைக்கடை நோட்டீஸ், மாட்டுத்தாவணியில் மிரட்டிய அரசியல் போஸ்டர், மூன்றுக்கும் ‘மேட்டர்’, அதாவது வாசகம், எழுதியது ஒரே ஆளாக இருக்கலாம். ஒரே நாற்காலி, ஒரே டீ! அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

மேட்டர் கேட்டு வருகிறவரிடம் முதலில் நான் கேட்பது, “இது யார் கண்ணுல படணும்ணே?”

காதணி விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்தவர் யோசிக்கவே இல்லை. “பாப்பா படம் சின்னதா இருந்தாலும் பரவால்லண்ணே, தாய்மாமன் பேரு கண்ணுல அடிக்கணும்.” பின்னே? சீர் சுமந்து வருவதும், மடியில் உட்காரவைத்துக் காது குத்தவைப்பதும் மாமன்தானே! அங்கே என் எழுத்து மேளச்சத்தத்தோடு வரவேண்டும். எதுகை மோனை எகிற வேண்டும். அது சுலபம். வேர்க்கவைப்பது பேர் வரிசைதான். மூத்த மாமன் முதலில், பட்டப்பேர் மேற்கோள் குறிக்குள், சித்தப்பா, பங்காளி, வாண்டுகள் கடைசியில். ஒரு பேர் விட்டுப்போனால் மண்டபத்து வாசலிலேயே பஞ்சாயத்து.

அஞ்சலி நேர் எதிர். ராத்திரி தகவல் வரும், விடிவதற்குள் சுவரில் ஏறிவிட வேண்டும். அடுக்குமொழிக்கு அங்கே வேலையில்லை. தெருவே கூப்பிட்ட பேர் இருந்தால் போதும்.

சுங்குடிச் சேலை வியாபாரிக்கு எழுதும்போது எனக்கு இரண்டு வாய்! உள்ளூர் அக்காக்களுக்கு விலை, சாயம் போகாது, வெயிலுக்கு இதம். இணையத்தில் வாங்கும் வெளியூர்க்காரர்களுக்கோ கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் கதை, சௌராஷ்டிர மக்களின் கைவேலை, புவிசார் குறியீடு. சேலை அதேதான்.

நாட்டு மருந்துக்காரரிடம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். “சர்க்கரை நோய் அடியோடு போயிரும்னு போடுங்க” என்பார். 1954-ம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது என்பேன். முகம் சுருங்கும். என்ன செய்ய?

அரசியல் போஸ்டர்தான் பெரிய வேடிக்கை. ஊரே படித்தாலும் அதற்கு வாசகர் ஒரே ஒருவர்: காரில் போகும் தலைவர். புலி, சிங்கம் எல்லாம் அவர் கண்ணுக்காகத்தான். மதுரைச் சுவரை லேசாக நினைத்துவிடாதீர்கள். 2014 ஜனவரியில் போஸ்டர் தகராறு முற்றி, மதுரை மாநகர் திமுக அமைப்பையே கட்சித் தலைமை கலைத்தது. தேர்தல் போஸ்டர் என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இருந்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. எழுதினவன் பேரை அந்தப் பிரிவு கேட்பதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்!

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மேட்டர் கொடுக்க வரும்போது ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். பேர்ப் பட்டியலை வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். விட்டுப்போன மாமன் யாரென்று அவர்களுக்குத்தான் தெரியும்.